கரையில் நிற்பவருக்கு என்ன கற்பிப்பது?

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஆற்றங்கரை ஊரில் பிறந்ததால், பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நீச்சல் வந்துவிட்டது. உயிர்காப்பு நீச்சலிலும் முதலுதவியிலும் சான்றிதழ் பெற்று, இப்போது அவ்விரண்டையும் கற்றுத்தருவதற்கான பயிற்றுநர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். சென்ற வாரம் ஆளுக்குப் பத்து நிமிடம் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். மூழ்குகிறவரைப் பின்புறமாக அணுகிப் பிடித்துக் கரைசேர்ப்பதை நான் பிழையில்லாமல் செய்து காட்டினேன். முடிந்ததும் பயிற்சியை நடத்துபவர், "நன்றாக நீந்தினீர்கள், யாரும் எதையும் கற்கவில்லை" என்றார். அன்றிரவு தூக்கமே வரவில்லை. வீட்டில் வேறு, "பிள்ளைகளை ஓடவிட்டால் போதாதா, உனக்கு எதற்குத் தண்ணீர்?" என்கிறார்கள். கற்பிக்கும் திறமை பிறவியிலேயே வரவேண்டுமா? நீங்கள் முன்பு முதலுதவி வகுப்புகள் எடுத்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குக் கிடைத்தது கடுமையான சொல்தான். ஆனால் என்னுடைய முதல் வகுப்பு முடிந்ததும் யாராவது அதை என்னிடம் சொல்லியிருந்தால், மூன்று மாதம் கழித்து நான் பட்ட வெட்கம் மிச்சமாகியிருக்கும். முதலுதவிப் பெட்டிக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னதால், நான் வேலை பார்த்த ஆலையில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கவும் சொன்னார்கள். நான் இதயத்தின் நான்கு அறைகளிலிருந்து தொடங்கி, தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடுவரை முக்கால் மணி நேரம் பேசினேன். பிறகு ஒருநாள் இயந்திரத்தில் ஒருவரின் கை கிழிந்து ரத்தம் பீறிட்டபோது, என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வகுப்புப் பக்கமே வராத ஒருவர் தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். தமனியைப் பற்றி அவ்வளவு பேசிய நான், ஒருவரைக்கூட ஒரு துணியை எடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நீச்சல் வந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் நீந்தத் தெரியாமல் இருந்த நாள் உங்கள் நினைவில் இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறிய முதல் பயமும், எந்தக் கணத்தில் உடம்பு மிதக்கத் துணிந்தது என்பதும் நினைவில் இல்லை. உங்களுக்கு இப்போது தடையாக இருப்பது அந்தக் குறைதானே தவிர, திறமைக் குறைவு அல்ல. முதலுதவியை நீங்கள் வளர்ந்த பிறகு, கட்டுத்துணி நழுவி, இரண்டு மூன்று முறை தப்பாகக் கட்டித்தான் கற்றிருப்பீர்கள். அதில் வகுப்பெடுத்துப் பாருங்கள், நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

பயிற்றுநர் பயிற்சிகளில் ஒரு செயலை நான்கு படிகளில் கற்பிக்கச் சொல்வார்கள். முதலில் பேச்சில்லாமல், உண்மையான வேகத்தில் செய்து காட்டுவது. அடுத்து நிறுத்தி நிறுத்தி, காரணம் சொல்லிச் செய்வது. மூன்றாவதாக, கற்பவர் வாயால் சொல்லச் சொல்ல நாம் செய்வது. கடைசியில் அவரே சொல்லிக்கொண்டு செய்வது. நீங்கள் பத்து நிமிடத்தையும் முதல் படியிலேயே செலவழித்துவிட்டீர்கள். மூன்றாம் படிதான் எல்லாரும் தாண்டிப் போய்விடுவது; ஆனால் கற்பவருக்கு எது விளங்கவில்லை என்பது வெளியே வருவது அங்கேதான்.

இதைவிடப் பெரிய கேள்வி, நீங்கள் தேர்ந்தெடுத்த பாடம். மூழ்குகிறவரை நீந்திப்போய்ப் பிடித்து வருவது உயிர்காப்பாளர் வேலைக்குப் போகிறவர்களுக்கு உரியது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் நிற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியூரிலிருந்து வேனில் வந்த குடும்பம், துணி துவைக்கும் பெண்கள், கரையில் தேங்காய் விற்பவர். ஒருவர் தத்தளிக்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது இவர்கள்தான்; நீங்கள் இருக்கமாட்டீர்கள். கரையிலிருந்தபடி எட்டிக்கொடு, முடியாவிட்டால் எதையாவது எறி, அதுவும் இயலாவிட்டால் படகு, பயிற்சி பெற்றவர் மட்டுமே கடைசியாக நீரில் இறங்குவது என்பது உயிர்காப்புப் பாடத்தில் உலகெங்கும் உள்ள வரிசை. தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணனும் சேர்ந்து போனான் என்ற செய்தியை நம் பக்கத்துச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்த வரிசையின் கடைசிப் படியை முதல் பாடமாக, அதுவும் அழகாகச் செய்து காட்டினால், பார்க்கிறவர் மனத்தில் பதிவது 'குதிக்க வேண்டும்' என்பது மட்டுமே.

எறிவதற்கு மிதவை வளையம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் இருக்கிறது. ஒரு முனையில் பெரிய முடிச்சாகப் போட்டு நனைத்துவிட்டால் எறிவதற்குக் கனமும் கிடைத்துவிடும். எட்டு முழ வேட்டி, மூடியை இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன், பிளாஸ்டிக் குடம் எல்லாம் நம் படித்துறைகளில் எப்போதும் கிடக்கின்றன. எறிகிறவர் நின்றுகொண்டு இழுத்தால் அவரையும் ஆறு இழுத்துக்கொள்ளும் என்பதால், குப்புறப் படுத்துக்கொண்டு, காலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரை வைத்துக்கொண்டு இழுக்கப் பழக்குங்கள்.

இன்னொன்று, மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அமெரிக்க உயிர்காப்பாளர் பிரான்செஸ்கோ பியா கவனித்து எழுதியபடி, அவரால் கத்தவே முடியாது; வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்த, உடம்பு செங்குத்தாக நிற்கும்; 20 முதல் 60 விநாடிக்குள் முழுதும் அமிழ்ந்துவிடுவார். கரையில் இருப்பவர்கள் பையன் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தாமிரபரணியில், மணல் அள்ளிய குழியும் பழைய கசம் என்கிற ஆழமான மடுவும் மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்போலத் தெரிகிற இடத்தில், அந்த நேரம் மிகக் குறைவு.

கரைக்கு வந்தபின் நடப்பது தனி வகுப்புக்கு உரியது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது என்று ஊரில் யாராவது ஒரு பெரியவர் முன்வருவார். வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழலில் போய்விடும் என்பதால் அதைத் தடுக்க வேண்டும், ஆனால் அவரை அவமதித்துத் தடுக்காதீர்கள். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துவதைத்தான் ஷேஃபர் முறை என்று 1903 முதல் பாடநூல்களே சொல்லித்தந்தன. வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேல் என்று பீட்டர் சாஃபர் போன்ற மருத்துவர்கள் நிறுவியது 1950-களின் பிற்பகுதியில். மார்பை அழுத்தும் முறை அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து வெளியானது 1960-இல். அதே ஆண்டு நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால் செய்த பயிற்சிப் பொம்மைக்கு, பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகமே மாதிரி. நீங்கள் ஊதிப் பழகிய பொம்மை அந்த வழியில் வந்ததுதான்.

கைபேசியில் பரவும் காணொளிகளில் மார்பை அழுத்தினாலே போதும் என்கிறார்களே என்று மாணவர்கள் கேட்பார்கள். அது திடீரென இதயம் நின்று விழுந்தவருக்கு. நீரில் மூழ்கியவருக்கு இதயம் நின்றதே காற்றில்லாமல்தான். ஆகவே 108-ஐ அழைக்க ஒருவரை விரட்டிவிட்டு, மூச்சு இல்லையென்றால் முதலில் காற்றை ஊதி, அதன்பின் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். பெரியவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். அவர் எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

வீட்டாருக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் பெண்கள் குளிக்கும் படித்துறையிலேயே இருக்கிறது. அங்கே போய் ஓர் ஆண் வகுப்பெடுக்க முடியாது. நம் பெண்பிள்ளைகளை நீரில் இறங்கவிடவும் யோசிக்கிறார்கள். இதற்குமேல் அவர்களோடு வாதாட வேண்டியதில்லை.

அடுத்த பத்து நிமிட வகுப்புக்கு நீச்சலுடை எடுத்துப் போகாதீர்கள்; இரண்டு பழைய சேலை போதும். கூட்டத்தில் நீந்தவே தெரியாத ஒருவரை அழைத்து, கரையில் படுத்து எறிந்து இழுக்க வையுங்கள். கைத்திறன் மூன்று மாதத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். ஆகையால் அப்போது அவரையே மறுபடி அழைத்து, ஒன்றும் சொல்லாமல் சேலையை மட்டும் கையில் கொடுங்கள். அவர் முடிச்சுப் போட்டாரா என்று எனக்கு எழுதுங்கள்.