போலீஸ் மேல புகார் குடுத்தா யூனியன் வந்து தடுக்குமா?

சிங்கப்பூர் பீடோக்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க: "பத்து நாளைக்கு முன்னாடி ராத்திரி எங்க புளோக் கீழ தம்பிய போலீஸ் நிறுத்தி ஐசி (அடையாள அட்டை) கேட்டாங்க, பேச்சு முத்திப்போயி ஒரு ஆபீசர் தூண்ல தள்ளி கைய முறுக்கிட்டாரு, அப்புறம் கேஸ் எதுவும் இல்லாம விட்டுட்டாங்க. தோள் இன்னும் வலிக்குது. புகார் குடுக்கலாம்னா வீட்டுக்காரரு, அமெரிக்காவுல பாத்தல்ல, போலீஸ் யூனியன் சும்மா விடாது, நமக்குத்தான் வம்புங்கிறாரு. என்ன பண்றது?"

அக்கா, யூனியன் விஷயத்த அப்புறம் பேசுவோம், முதல்ல நாள எண்ணுங்க. ஆபீசருங்க சட்டையில மாட்டியிருக்கிற கேமரா 2015-ல இங்க வந்தப்பவே, வழக்குக்குத் தேவைன்னு எடுத்து வைக்கலன்னா 31 நாள்ல பதிவு தானா அழிஞ்சிடும்னு சொன்னாங்க. உங்களுக்குப் பத்து நாள் போயிடுச்சு. இன்னைக்கே தேதி, நேரம், புளோக் நம்பர், ஆபீசர் பேரு தெரிஞ்சா பேரு, எல்லாம் எழுதி, 'இந்தப் பதிவ அழிக்காம வைங்க'ன்னு தனி வரியா போட்டு போலீசுக்கு அனுப்புங்க. லிஃப்ட் பக்கத்துல கேமரா இருந்தா புளோக்க பராமரிக்கிற டவுன் கவுன்சிலுக்கும் ஒரு கடிதம் போடுங்க.

தம்பிய இன்னைக்கே பாலிகிளினிக் கூட்டிட்டுப் போங்க. எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு 'விழுந்துட்டேன்'னு சொல்லிடக் கூடாது, நம்ம பசங்க நிறைய பேரு இதத்தான் செய்றாங்க, அப்புறம் அந்த ஒரு வார்த்த ரெக்கார்டுல உட்கார்ந்துக்கிட்டு மொத்தப் புகாரையும் சாய்ச்சிடும்.

இப்ப வீட்டுக்காரர் சொன்னதுக்கு வருவோம். அவரு சொல்றது அமெரிக்காவுக்குச் சரிதான். அங்க போலீஸ் யூனியன் சம்பளம், ஓவர்டைம் மட்டும் பேசல, தப்பு செஞ்ச ஆபீசர எப்படி விசாரிக்கணும், பழைய புகார யார் பாக்கலாம்ங்கிறதையும் ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்குது. சில மாநிலத்துல அது சட்டமாவே ஆயிடுச்சு, மேரிலாண்ட்ல 1974-ல வந்த சட்டம் 2021-லதான் நீங்கிச்சு, நியூயார்க்ல ஆபீசருங்களோட ஒழுங்கு நடவடிக்க ரெக்கார்ட மறைச்சு வச்ச சட்டம் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் பிடியில செத்ததுக்கு அப்புறம் 2020 ஜூன்லதான் போச்சு. வேலைய விட்டு நீக்குன ஆபீசர் மத்தியஸ்தர்கிட்ட போய் திரும்பி வர்றதும் அங்க உண்டு. ஆபீசருக்கும் தன் பக்கத்த சொல்ல வாய்ப்பு வேணும், அதுக்கு யூனியன் நின்னா நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ரெக்கார்ட மறைக்கிற பேரத்த ஒத்துக்கவே முடியாது, ஏன்னா அந்த மேசையில அடிபட்டவன் உட்கார்ந்து இருக்க மாட்டான்.

இங்க அந்தக் கதையே இல்ல அக்கா. சிங்கப்பூர்ல அரசாங்க ஊழியர் யூனியன்ல சேரவே விலக்கு வேணும், அப்படி விலக்கு வாங்கி நடக்குறதுதான் 1959-ல ஆரம்பிச்ச ஏயூபிஇ-ங்கிற அரசாங்க ஊழியர் யூனியன். சீருடை போலீஸ்காரங்களுக்கு அந்த வழி கிடையாது. ஆபீசருக்காக யூனியன் வந்து நிக்கும்னு பயப்படாதீங்க.

உங்க புகார விசாரிக்கப் போறது போலீஸ் படைக்குள்ளயே இருக்கிற உள் விவகாரப் பிரிவு. சொந்த வீட்டுக்குள்ளயே நடக்குற விசாரணைன்னு எனக்கு மனசுல ஒரு உறுத்தல் உண்டு, அதனாலதான் டாக்டர் ரிப்போர்ட்டு, போட்டோ, பக்கத்து வீட்டு சாட்சி எல்லாம் உங்க கையில இருக்கணும்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன். அங்க சரியா பதில் வரலன்னா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 151-ஆவது பிரிவுல நேரா ஸ்டேட் கோர்ட்ஸ் போயி மாஜிஸ்திரேட்கிட்ட புகார் குடுக்கலாம், அவரு தம்பிய சத்தியப் பிரமாணத்துல விசாரிச்சு மேல என்ன செய்யணும்னு முடிவு பண்ணுவாரு. வேணும்னே காயப்படுத்தினதுக்கு தண்டனைச் சட்டம் 323-ல 3 வருஷம் ஜெயில் வரைக்கும், இல்ல 5,000 வெள்ளி அபராதம் வரைக்கும், இல்ல ரெண்டும் சேர்த்தே இருக்கு. நஷ்ட ஈடு கேக்கணும்னா உடல் காயத்துக்கு 3 வருஷக் கெடு.

ஒண்ணு மட்டும் தம்பிகிட்ட தனியா உட்கார்ந்து கேளுங்க. ஐசி காட்ட மாட்டேன்னு சொன்னாரா, ஆபீசர தள்ளினாரா? கைது பண்றப்ப எதிர்த்தா தேவையான அளவு பலத்த போலீஸ் காட்டலாம்னு சட்டமே சொல்லுது, அப்ப கேள்வி அந்த அளவ மீறினாங்களாங்கிறதுதான். தம்பி திட்டியிருந்தா அதையும் புகார்ல எழுதுங்க, கேமராவுல பதிவாகியிருக்கலாம், நாமளே சொன்னா நம்ம மீதி வார்த்தைய நம்புவாங்க. ஒரு தள்ளுன்னா ஒரு தள்ளுதான், அத நாலு அடி ஆக்காதீங்க, பொய்த் தகவல் குடுத்தா தண்டனைச் சட்டம் 182-ஆவது பிரிவு நம்ம பக்கமே திரும்பிடும். உண்மைய எழுதின புகாருக்கு உங்க வீட்டுக்காரர் சொல்ற வம்பு வராது.

எழுதி முடிச்சதும் அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நகல் காட்டுங்க அக்கா, ஆனா அந்த கேமரா வரி மட்டும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே போகட்டும்.