கோர்பூட் எழுதியதும் திரை கருப்பு: போர்டு செத்துவிட்டதா?

வாசகர் கேள்வி: பழைய திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப் ஒன்றில், உற்பத்தியாளர் பயாஸுக்குப் பதிலாக கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரைப் போட்டேன். சோர்ஸ் எடுத்து நானே பில்ட் செய்தேன், பேலோடு (கோர்பூட் கடைசியில் ஓட்டும் நிரல்) சீபயாஸ். போர்டில் இரண்டு ஃபிளாஷ் சிப் இருந்தன. இரண்டையும் படித்து வைத்துக்கொண்டு, 4 எம்பி சிப்பில் மட்டும் எழுதினேன், எழுதும் கருவியான ஃபிளாஷ்ராம் 'வெரிஃபைடு' என்றுதான் சொன்னது. இப்போது பவர் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. மூன்று முறை திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். போர்டு போய்விட்டதா? ராம் புதிதாக 16 ஜிபி போட்டதும் காரணமாக இருக்குமா?

பதில்: போர்டு போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது ஒரே வரி, '4 எம்பி சிப்பில் மட்டும் எழுதினேன்'. பில்ட் செய்யும்போது ஒரு அமைப்பை மாற்றியிருந்தால் அது சரிதான். மாற்றவில்லை என்றால் உங்கள் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் போகும் முன் ஒரு சோதனை. படித்து வைத்த பழைய 4 எம்பி டம்ப்பை (சிப்பிலிருந்து எடுத்த நகலை) அதே சிப்பில் திரும்ப எழுதிப் பாருங்கள். பழைய பயாஸ் வந்துவிட்டால் போர்டு, ராம், சிப்பில் மாட்டும் கிளிப், சிப் நான்குமே நன்றாக இருக்கின்றன, தவறு நீங்கள் பில்ட் செய்த ஃபைலில்தான் என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோர்பூட்டில் சிக்கிக்கொள்கிற பலரும் இதைச் செய்யாமல் அதே ஃபைலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள். 'வெரிஃபைடு' என்று வந்தபிறகு அதையே இன்னொரு முறை எழுதுவதால் எதுவும் மாறாது.

விளக்கு எரிவதையும் விசிறி சுற்றுவதையும் வைத்துச் சிபியு வேலை செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். திங்க்பேடில் அந்த இரண்டையும் பார்த்துக்கொள்வது எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப். அதற்குச் சொந்தமாக ஒரு ஃபர்ம்வேர் உண்டு, கோர்பூட் அதைத் தொடுவதே இல்லை. சிபியு ஒரு கட்டளையைக்கூட ஓட்டாத நிலையிலும் விசிறி சுற்றும்.

சரி, இரண்டு சிப் விஷயம். எக்ஸ்230இல் ஒன்று 8 எம்பி, இன்னொன்று 4 எம்பி. சிப்செட்டின் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து 12 எம்பி உள்ள ஒரே ஃபிளாஷ். அதன் முதல் 5 எம்பியில் வரிசையாக டிஸ்கிரிப்டர் (எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் வரைபடம்), கிகாபிட் ஈதர்நெட்டின் 8 கேபி பகுதி, இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் (சிப்செட்டுக்குள் உள்ள தனிச் செயலியின் ஃபர்ம்வேர்) ஆகியவை இருக்கின்றன. மீதி 7 எம்பிதான் பயாஸ் பகுதி. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 7 எம்பியில் முதல் 3 எம்பி பெரிய சிப்பின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது, பாக்கி 4 எம்பிதான் சின்னச் சிப்பில்.

கோர்பூட்டின் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிகில் சிபிஎஃப்எஸ் (கோர்பூட் தன் ஃபைல்களை வைக்கும் இடம்) அளவு என்று ஒரு அமைப்பு இருக்கும், நான் முதலில் சொன்னது இதைத்தான். அது 7 எம்பி என்று இருந்தால் கோர்பூட் முழுப் பயாஸ் பகுதியையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். முதலில் ஓடும் துண்டான பூட்பிளாக் மட்டும் ஆகக் கடைசியில் இருக்கும், ஏனென்றால் எக்ஸ்86 சிபியு விழித்தவுடன் தேடுவது 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால் உள்ள முகவரியை, அது ஃபிளாஷின் கடைசி 16 பைட்டில் வந்து விழுகிறது. ஆனால் எஃப்மேப் என்ற பகுதிப் பட்டியலும் அடுத்து ஓட வேண்டிய ரோம்ஸ்டேஜும் அந்த 7 எம்பியின் தொடக்கத்தில் போய் உட்காரும், அதாவது நீங்கள் தொடாமல் விட்ட பெரிய சிப்பில். உங்கள் மெஷினில் பூட்பிளாக் ஓடுகிறது, அடுத்த கட்டத்தைத் தேடுகிறது, அங்கே இருப்பது பழைய பயாஸின் மிச்சம், அதோடு நின்றுவிடுகிறது. வெளியே தெரிவது நீங்கள் சொன்ன அதே காட்சிதான்.

நிச்சயப்படுத்திக்கொள்ள, பில்ட் ஃபோல்டரில் உள்ள டாட் கான்ஃபிக் ஃபைலில் சிபிஎஃப்எஸ் அளவைப் பாருங்கள். ஹெக்ஸ் எண்ணில், 0x என்பதற்குப் பிறகு 7 என்று ஆரம்பித்து ஐந்து சுழியம் வந்தால் 7 எம்பி, 4 என்று ஆரம்பித்தால் 4 எம்பி. 7 என்றால் அதை 4 ஆக்குங்கள், மொத்த ரோம் அளவை 12 எம்பியாகவே விடுங்கள், திரும்ப பில்ட் செய்யுங்கள். வெளிவரும் 12 எம்பி ஃபைலின் கடைசி 4 எம்பியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். டிடி கட்டளையில் ஒரு எம்பி அளவுத் துண்டுகளாக, முதல் எட்டுத் துண்டுகளைத் தாண்டச் சொன்னால் போதும். வெட்டியது சரியா என்று ஹெக்ஸ்டம்ப்பில் கடைசி வரியைப் பாருங்கள். முழுக்க எஃப்எஃப் என்று நிரம்பியிருந்தால் தவறான துண்டு. சரியான துண்டில் அங்கே சில பைட்டுகள் நிச்சயம் வேறாக இருக்கும், சிபியு முதலில் தாவுவது அங்கிருந்துதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'அப்படியானால் பெரிய சிப்பிலும் எழுதிவிடலாமே' என்று தோன்றும். டிஸ்கிரிப்டர், மேனேஜ்மென்ட் எஞ்சின், ஈதர்நெட் பகுதிகளைச் சேர்க்காமல் பில்ட் செய்திருந்தால் உங்கள் ஃபைலின் முதல் 5 எம்பி வெறுமையாக இருக்கும். அதை எடுத்துப் பெரிய சிப்பில் எழுதினால் டிஸ்கிரிப்டரே அழிந்துவிடும், இப்போது இருப்பதைவிட மோசமான நிலைக்குப் போய்விடுவீர்கள். பெரிய சிப்பையும் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், 8 எம்பி டம்ப்பையும் 4 எம்பி டம்ப்பையும் இந்த வரிசையிலேயே ஒட்டி 12 எம்பி ஃபைலாக்கி, ஐஎஃப்டி டூலைக் கொண்டு பகுதிகளைப் பிரித்தெடுத்து, அவற்றை மெனுகான்ஃபிகில் காட்டி பில்ட் செய்ய வேண்டும். பிரித்தெடுப்பது உங்கள் சொந்த மெஷினின் டம்ப்பாக இருக்கட்டும். ஈதர்நெட் பகுதியில் உங்கள் மேக் முகவரி இருக்கிறது, வேறு யாரோ தந்த முழு ஃபைலை எழுதினால் அவர் முகவரி உங்கள் மெஷினுக்கு வந்துவிடும். முதல் முறை செய்கிறவருக்கு நான் சொல்வது, பெரிய சிப்பைத் தொடாதீர்கள், 4 எம்பியே சீபயாஸுக்குத் தாராளம். ஸ்கல்ஸ் என்ற தயார்நிலைத் தொகுப்பும் எக்ஸ்230இல் கட்டாயமாக எழுதச் சொல்வது அந்தச் சின்னச் சிப்பை மட்டும்தான்.

ராம் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் அது இரண்டாவது சந்தேகம். பூட்பிளாக்குக்கு ராம் தேவையே இல்லை, சிபியுவின் கேஷையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு ஓடும். ராமைப் பழக்குவது (அதற்கேற்ற நேர அளவுகளைக் கண்டுபிடித்து அமைப்பது) ரோம்ஸ்டேஜின் வேலை. சான்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் தலைமுறைகளுக்கு இன்டெலின் மூடிய பைனரி இல்லாமலேயே ராமைத் தொடங்குகிற கோடு கோர்பூட்டில் இருக்கிறது, இந்தப் பழைய திங்க்பேடுகளை இன்னும் தேடித் தேடி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். உற்பத்தியாளர் பயாஸில் ஓடிய ஒரு ராம் ஜோடி இதில் ஓடாமல் போவது அபூர்வமாக நடக்கும். ஆகவே புதிய ஃபைலை எழுதியபின் ஒரே ஒரு ராம் குச்சியை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், அப்புறம் அடுத்த ஸ்லாட், அப்புறம் பழைய ராம். முதல் பூட்டில் ராம் பழக்கும் நேரம் கூடுதலாக ஆகும், அந்த முடிவுகள் ஃபிளாஷிலேயே சேமிக்கப்படுவதால் அடுத்த முறை வேகமாக வரும். அதனால் முதல் முறை ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள், பத்து நொடியில் பவர் பட்டனை அமுக்கி அணைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மெஷின் முழுக்க பூட் ஆகியும் திரை மட்டும் கருப்பாக இருக்கலாம். எக்ஸ்230இல் திரையை உயிர்ப்பிக்க இரண்டு வழிகள் உண்டு: பழைய பயாஸிலிருந்து எடுத்த விஜிஏ ரோம், அல்லது கோர்பூட்டோடு வரும் லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட். பின்னது ஏடா மொழியில் எழுதப்பட்டது. கோர்பூட்டின் கிராஸ் கம்பைலரை பில்ட் செய்த நேரத்தில் உங்கள் கணினியில் நாட் என்ற ஏடா கம்பைலர் இல்லையென்றால், ஏடா ஆதரவு இல்லாமலேயே டூல்செயின் உருவாகிவிடும், பிறகு மெனுவில் அந்தத் தேர்வு உங்களுக்குக் கிடைக்காது. மெனுவில் அது இல்லாததைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எளிது. லினக்ஸ் தானாக பூட் ஆகும்படி வைத்திருந்தால் கேபிளை மாட்டி இன்னொரு கணினியிலிருந்து பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் ஃபர்ம்வேர் தன் வேலையை முடித்துவிட்டது, பிரச்சினை கிராஃபிக்ஸில் மட்டும்தான். நாட் கம்பைலர் இல்லாததுதான் காரணம் என்றால், அதை நிறுவிவிட்டு டூல்செயினையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும், கோர்பூட்டை மட்டும் செய்தால் போதாது.

4 எம்பி திருத்தத்துக்குப் பிறகும் கருப்புதான் என்றால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு லாக் எடுங்கள். எக்ஸ்230இல் சீரியல் போர்ட் கிடையாது, அதனால் பலர் 'லாக் எடுக்கவே முடியாது' என்று நினைத்துவிடுகிறார்கள். முடியும். மெனுகான்ஃபிகின் கன்சோல் பகுதியில், லாக்கை எஸ்பிஐ ஃபிளாஷிலேயே எழுதும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கி, லாக் அளவை டீபக் அல்லது ஸ்பியூவில் வைத்து பில்ட் செய்து எழுதுங்கள். மெஷினை ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு அணைத்து, கிளிப்பை மாட்டிச் சிப்பைப் படித்து, அந்த ஃபைலில் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டினால் கோர்பூட் எதுவரை போனது என்று வரி வரியாக வந்துவிடும். கடைசி வரியில் ராம் பற்றிய பேச்சு இருந்தால் ராம், பேலோடு கிடைக்கவில்லை என்றால் சிபிஎஃப்எஸ். ஒன்று கவனியுங்கள், அந்த லாக் பகுதியும் எஃப்மேப்பில்தான் பதிவாகியிருக்கும். எஃப்மேப்பே கிடைக்காத இப்போதைய நிலையில் இந்த வழி உதவாது, அதனால்தான் 4 எம்பி திருத்தத்தை முதலில் சொன்னேன். ஃபிளாஷ் வழியே ஒவ்வொரு முறையும் கிளிப் மாட்டுவது அலுத்தால் யுஎஸ்பி டீபக் இருக்கிறது: யுஎஸ்பி 2.0-ஐக் கவனிக்கும் இஎச்சிஐ கன்ட்ரோலரின் டீபக் போர்ட்டில் எஃப்டி232எச் அடாப்டரையோ பீகிள்போன் பிளாக்கையோ மாட்டினால் லாக் நேரடியாக வரும். மெஷின் பூட் ஆகிவிட்டால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம், லினக்ஸிலிருந்தே சிபிமெம் கருவியால் அந்த பூட்டின் முழு லாக்கையும் எடுத்துவிடலாம்.

கிளிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதித் தொல்லை அங்கேதான் வருகிறது. பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு மாட்டுங்கள். சிப்பின் ஒரு மூலையில் உள்ள சின்னப் புள்ளி முதல் பின், கிளிப்பின் முதல் வயர் அங்கே வர வேண்டும். வயர் குட்டையாக இருக்கட்டும். ஃபிளாஷ்ராம் ஒரே சிப்புக்கு இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி எது என்று கேட்டால், சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்துப் படித்து அதையே கொடுங்கள். இரண்டு முறை படித்த டம்ப்புகளின் ஷா256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? நீங்கள் 'படித்து வைத்துக்கொண்டு' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், ஒப்பிட்டதாகச் சொல்லவில்லை. ஒப்பிடவில்லை என்றால் பழைய டம்ப்பை எழுதும் சோதனையும் உங்களை ஏமாற்றலாம். பெரிய சிப்பை இன்னும் தொடவில்லை என்பதால் அதையாவது இப்போதே இரண்டு முறை படித்து ஒப்பிட்டு, லேப்டாப்புக்கு வெளியே இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். சிப்பில் எழுதப் பயன்படுத்தும் புரோகிராமர் கருவி கறுப்பு நிற சிஎச்341ஏ என்றால், அதில் சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா வயர்களில் 5 வோல்ட் வருகிற குறை பரவலாகத் தெரிந்த ஒன்று. பலருக்கு ஒன்றும் ஆகவில்லைதான், இருந்தாலும் ராஸ்பெர்ரி பை அல்லது பை பிக்கோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இரண்டுமே 3.3 வோல்ட்.

பூட் ஆனபிறகு ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக 30 நிமிடத்தில் மெஷின் தானாக அணைந்தால் மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதி கெட்டிருக்கிறது என்று அர்த்தம், செல்லுபடியாகும் எஞ்சின் ஃபர்ம்வேர் கிடைக்காவிட்டால் இந்தத் தலைமுறை சிப்செட் அப்படித்தான் செய்யும். சூட்டினால் அணைகிறது என்று நினைத்து விசிறியைக் கழற்ற வேண்டாம்.

அடுத்து பில்ட் செய்கிறவற்றை உடனே போர்டில் எழுதாமல் கியூஇஎம்யு (கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போர்டைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்230இன் ராமும் திரையும் அதில் சோதனையாகாது, ஆனால் டூல்செயின் சரியா, பேலோடு ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்பது கிளிப் மாட்டாமலேயே தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால் எனக்கு மூன்று மட்டும் அனுப்புங்கள்: டாட் கான்ஃபிக் ஃபைல், சிபிஎஃப்எஸ் டூல் காட்டும் உள்ளடக்கப் பட்டியல், ஃபிளாஷில் எழுதப்பட்ட லாக். திரையின் போட்டோ வேண்டாம்.