பேட்டரியைக் கழற்றியும் பின்சக்கரம் இறுகி நிற்பது ஏன்?

கேள்வி: அப்பாவின் பழைய சைக்கிளுக்குச் சென்ற ஆண்டு மின்சைக்கிளாக மாற்றும் 36 வோல்ட், 250 வாட் கிட் ஒன்று வாங்கிப் பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்தினோம். கியர் இல்லாத ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே அமையும் மோட்டார்) என்று கடைக்காரர் சொன்னார். போன வாரம் மழை விட்ட பிறகு மேம்பாலத்தில் ஏறும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது; யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் சக்கரம் திக்கித் திக்கித்தான் சுழல்கிறது. மோட்டார் போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: மோட்டாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கும் முன்பாக, இது மின்கோளாறுதானா, சாதாரண சைக்கிள் கோளாறா என்பதைப் பிரித்தறிந்துகொள்ளுங்கள். மோட்டார் வைத்த சக்கரம் கனமானது என்பதால், அச்சின் நட்டு சற்றுத் தளர்ந்தாலே சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து டயர் ஃபிரேமில் உரசத் தொடங்கும். பிரேக் கட்டையும் ரிம்மைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, டயருக்கு இருபுறமும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்திருந்தால் உரசும் சத்தம் கேட்கும். பேரிங் போயிருந்தால் மணலை அரைப்பதுபோல் நறநறவென்று இருக்கும், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டமும் தெரியும். மின்கோளாறின் குணமே வேறு. மிக மெதுவாகச் சுற்றினால் சக்கரம் இணங்கிப் போகும். கொஞ்சம் வேகமாகச் சுற்ற முயன்றால் உடனே முரண்டு பிடிக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது உங்கள் சக்கரம் இந்த வகையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேட்டரியே இல்லாதபோது எது பிடிக்கிறது என்ற ஐயம் எல்லோருக்கும் வருவதுதான். கியர் இல்லாத ஹப் மோட்டாரில் காந்தங்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன, கம்பிச்சுருள்கள் அச்சோடு அசையாமல் நிற்கின்றன. ஆகவே சக்கரத்தை நீங்கள் சுற்றும்போதெல்லாம் மோட்டார் ஒரு டைனமோவாகி, சுருள்களில் மின்சாரம் உண்டாக்குகிறது. சுருள்களிலிருந்து வெளியே வரும் மூன்று தடித்த ஒயர்களில் ஏதேனும் இரண்டு எங்கேயாவது ஒன்றோடொன்று இணைந்துவிட்டால், அந்த மின்சாரம் சுற்றி ஓட வழி கிடைத்து, சுழற்சியை எதிர்த்து நிற்கிறது. உங்கள் காலின் உழைப்பு அப்போது சுருளில் வெப்பமாக மாறிக்கொண்டிருக்கிறது. எனவே இந்த நிலையில் வண்டியை வெகுதூரம் மிதித்து ஓட்டாதீர்கள்.

இனிச் சோதனைக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து கண்ட்ரோலருக்கு (பேட்டரி மின்சாரத்தை முறைப்படுத்தி மோட்டாருக்கு அனுப்பும் பெட்டி) செல்லும் மூன்று தடித்த ஒயர்களை (பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம்) இணைப்பிலிருந்து பிரித்து, முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி தள்ளி வையுங்கள். அதே நிறங்களில் மெல்லிய ஒயர்களும் இருக்கும். அவை சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று உணரும் சென்சாருக்கானவை, அவற்றைத் தொட வேண்டியதில்லை. இப்போது சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். காந்தம் இழுப்பதால் விரலுக்குத் தெரியும் மெல்லிய படிப்படியான இழுப்பு நல்ல மோட்டாரிலும் உண்டு. அது தவிர வேறு தடையின்றிச் சுழன்றால், பழுது பெரும்பாலும் கண்ட்ரோலருக்குள்தான் இருக்கிறது, உங்கள் மோட்டார் பிழைத்துக்கொண்டது. ஐயம் தீராவிட்டால், பிரித்த முனைகளில் இரண்டை மட்டும் ஒன்றாகத் தொட வைத்துச் சுற்றுங்கள்: பழைய பிடிப்பு அப்படியே திரும்பிவிடும்.

கண்ட்ரோலருக்குள் ஒவ்வொரு தடித்த ஒயரையும் பேட்டரியின் நேர்முனையோடும் எதிர்முனையோடும் மாறி மாறி இணைக்கும் மாஸ்ஃபெட்டுகள் என்ற மின்னணு சுவிட்சுகள் இருக்கின்றன. மேடேறும்போது அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் அவற்றில் ஒன்று எரிந்து, நிரந்தரமாக மூடிய சுவிட்சைப் போல நின்றுவிடும். நீங்கள் கேட்ட ‘டக்’ சத்தம் இதுவாக இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்திருந்தால், பேட்டரி கழன்ற நிலையில் சில நிமிடங்கள் பொறுத்து, கண்ட்ரோலரின் மூன்று தடித்த ஒயர்களுக்கும் அதன் பேட்டரி ஒயர்களுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். மூன்றும் கிலோ ஓம் அளவில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் குற்றவாளி அதுவே. மோட்டார் பக்கத்து ஒயர்களை இப்படி அளந்து பயனில்லை, ஏனென்றால் சுருளின் தடை மிகக் குறைவு, நல்ல மோட்டாரிலும் மீட்டர் பீப் அடிக்கும். அந்த பீப்பைக் கேட்டே ‘ஷார்ட் ஆகிவிட்டது’ என்று நல்ல மோட்டாரை ஒதுக்கிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒயர்களில் எதற்கும் அச்சின் இரும்புக்கும் இடையே மட்டும் தொடர்பு இருக்கவே கூடாது.

ஒயர்களைப் பிரித்த பிறகும் சக்கரம் பிடித்தால், உடனே மோட்டாரைப் பிரிக்காமல் அச்சில் கேபிள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய சைக்கிள்களில் இதுதான் பலவீனமான இடம். ஹப் மோட்டாரின் அச்சு இருபுறமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், பெரும்பாலும் 10 மி.மீ. அகலம், ஃபிரேமின் பிளவுக்குள் அந்தத் தட்டைப் பகுதி இறுக்கமாக உட்கார்ந்தால்தான் அச்சு சுழலாமல் நிற்கும். பிளவு தேய்ந்தோ, நட்டு தளர்ந்தோ இருந்தால், மேடேறும் விசையில் அச்சே ஒரு திருப்புத் திரும்பி, கேபிளை முறுக்கி அறுத்துவிடும். கறுப்பு உறை கிழிந்து, உள்ளே மஞ்சளும் பச்சையும் தோலுரிந்து, செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பளபளப்பதை நீங்களே பார்க்கலாம். வெட்டு வெளியே இருந்தால், ஒவ்வொரு ஒயரையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டிப் பற்றவைத்துத் தனித்தனியாக ஸ்லீவ் (மின்காப்பு உறை) போட்டால் போதும். அச்சுக்குள் இருந்தால் மூடியைத் திறக்க வேண்டும். காந்தங்கள் விரலை நசுக்கும் வலிமை கொண்டவை என்பதால் அதை அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். காந்தத்துக்கும் சுருள் பகுதிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. தண்ணீர் புகுந்து துரு ஏறினாலோ, காந்தம் ஒன்று பெயர்ந்தாலோ அந்த இடைவெளி அடைபட்டு, உரசல் சத்தத்துடன் சக்கரம் உண்மையாகவே பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில்தான் உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகும்.

சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சென்சார் போனால் திராட்டில் கொடுக்கும்போது சக்கரம் உதறுமே தவிர, கையால் சுற்றும்போது பிடிக்காது. உங்களுடையது கியர் உள்ள மோட்டாராக இருந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்: அதற்குள் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால், சுருள் ஷார்ட் ஆனாலும் முன்னோக்கித் தள்ளும்போது சக்கரம் சுதந்திரமாக உருளும், பின்னோக்கி உருட்டும்போதுதான் பிடிக்கும். கடைக்காரர் சொன்னதை இப்படியும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பழுது கண்ட்ரோலரில் என்று தெரிந்தாலும், புதியதை மாட்டும் முன் அச்சருகே கேபிளைப் பார்த்துவிடுங்கள். அங்கே ஒயர்கள் அவ்வப்போது உரசியதால்தான் மாஸ்ஃபெட் எரிந்தது என்றால், புதிய கண்ட்ரோலரும் அதே வழியில் போகும். அச்சு திரும்பாமல் ஃபிரேமோடு சேர்த்துப் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் தகட்டையும் பொருத்திக்கொள்ளுங்கள். கேபிள் அச்சுக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி கட்டினால், மழைநீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும், மோட்டாருக்குள் இறங்காது. அதுவரை அப்பாவுக்குச் சைக்கிள் தேவைப்பட்டால், பிரித்ததும் சக்கரம் தடையின்றிச் சுழலும்பட்சத்தில், மூன்று முனைகளுக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி, பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டு, சாதாரண சைக்கிளாக மிதித்து ஓட்டலாம்.