கீபோர்டு வைத்த பழைய பிளாக்பெர்ரி கீ2-வை இப்போது வாங்கலாமா?

இரண்டாவது போனாக வைத்துக்கொள்ள வாங்கலாம். கையில் இருக்கப்போவது அந்த ஒரே போன்தான் என்றால் வேண்டாம்.

ஓசூரில் கொட்டேஷனும் மெயிலும் எழுதுகிற வேலை, தெரிந்தவர் ஒருவர் கீ2-வைக் கொடுக்கிறேன் என்கிறார், வீட்டிலும் ஒரு நோக்கியா இ71 சும்மா கிடக்கிறது, அதையே தூசு தட்டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். ஆபீஸ் வேலைக்கு என் சட்டைப்பையில் இருப்பதும் கீ2தான்.

இ71-ஐ முதலில் முடித்துவிடுவோம். 2008-ல் வந்த போன். ஸ்டீல் உடம்பு, கழற்றி மாட்டும் பேட்டரி, விரலுக்குப் பழகிவிட்டால் இருட்டிலும் அடிக்கலாம். ஆனால் 4ஜி கிடையாது, அதனால் ஜியோ சிம் அதில் செத்த சிம். ஏர்டெல் 3ஜியை எப்போதோ மூடிவிட்டது, மிச்சம் இருப்பது 2ஜி. இ71 ஓடுகிற நோக்கியா எஸ்60 மென்பொருளை வாட்ஸ்அப் 2017-லேயே கைவிட்டது. அதன் பிரவுசரில் இன்றைய பாதுகாப்பு முறைகள் இல்லாததால் பெரும்பாலான தளங்கள் திறக்கவே திறக்காது. தமிழில் மெசேஜ் வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். கால் பேச, எஸ்எம்எஸ் பார்க்க மட்டும் என்றால் தாராளமாக எடுங்கள்.

இடையில் யாராவது பிளாக்பெர்ரியின் வேறு மாடல்களான போல்டு, கிளாசிக், பாஸ்போர்ட் என்று காட்டி ஆசை காட்டுவார்கள். பாஸ்போர்ட்டின் சதுரத் திரையைப் பார்த்தால் எனக்கும் மனசு சறுக்கும்தான். ஆனால் அவையெல்லாம் பிளாக்பெர்ரியின் சொந்த மென்பொருளில் ஓடியவை. 2022 ஜனவரி 4-ஆம் தேதி அந்தச் சேவைகளைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. கண்ணாடி அலமாரிக்கு ஆகும், வேலைக்கு ஆகாது.

கீ2 தப்பித்தது ஆண்ட்ராய்டு என்பதால். 2018-ல் பிளாக்பெர்ரி பெயரில் டிசிஎல் என்ற சீனக் கம்பெனி செய்தது. ஸ்னாப்டிராகன் 660 புராசஸர், 6 ஜிபி ரேம், 3500 எம்ஏஎச் பேட்டரி. மெயில், எக்செல், வாட்ஸ்அப் மூன்றுக்கும் அந்த வேகம் இன்றும் போதும். ஆண்ட்ராய்டு 8.1-ஓடு நின்றுவிட்டது, 2020 ஆகஸ்டோடு டிசிஎல் விற்பனையையும் நிறுத்தியது. பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. அதனால் சம்பள அக்கவுண்டையும் யூபிஐ-யையும் அதில் ஏற்றாதீர்கள். வங்கி ஆப்கள் எப்படியும் பழைய ஆண்ட்ராய்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக்கொண்டே வருகின்றன.

சரி, பிறகு நான் ஏன் வைத்திருக்கிறேன்? கன்டெய்னர் நம்பருக்காக. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கூடவே சீல் நம்பர், லாரி நம்பர், டிரைவர் நம்பர். இதை யார்டில் நின்றபடியே சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டும். டச் போனில் அடித்தால் அது எழுத்தைச் சேர்த்து ஒரு வார்த்தையாக்கப் பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் பேப்பர் திரும்பி வரும். கீ2-வில் டபிள்யூ பட்டனில் 1, இ-யில் 2, ஆர்-இல் 3, அடுத்த வரிசையில் எஸ்-இல் 4 என்று எண்கள் இருக்கின்றன. ஆல்ட் பட்டனோடு சேர்த்து அடிக்க வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், பழகிய பிறகு கண் கன்டெய்னர் கதவிலும் விரல் போனிலுமாக வேலை ஓடும். சீசனில் கையெல்லாம் ஈரமும் கூழின் பிசுபிசுப்புமாக இருக்கும்போது டச் திரை சொன்ன பேச்சு கேட்காது, பட்டன் கேட்கும். ஸ்பேஸ் பாரிலேயே கைரேகை இருப்பதும் சௌகரியம். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு ஷார்ட்கட் வைக்கலாம். எனக்கு எம் அழுத்தினால் மெயில் திறக்கும், நீட்டி அழுத்தினால் மேனேஜருக்குக் கால் போகும்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தமிழில் எழுதுகிற ஆளாக இருந்தால் இந்தக் கீபோர்டு உங்களுக்குப் பாதிதான் பயன்படும். பட்டனில் இருப்பது ஆங்கில எழுத்து மட்டும். தமிழுக்குத் திரைக் கீபோர்டை வரவழைத்தால் 4.5 இஞ்ச் திரையில் பாதியை அது விழுங்கிவிடும், கீழே பட்டன்கள் வேடிக்கை பார்க்கும். ஆபீஸ் மெயில் ஆங்கிலத்தில் போவதால் எனக்குச் சரிப்படுகிறது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்கு இன்னொரு போன்தான்.

பார்க்கப் போகும்போது நோட்ஸ் ஆப்பைத் திறந்து எல்லா எழுத்தையும் வரிசையாக அடியுங்கள். ஓரத்தில் இருக்கும் க்யூ (Q), ஏ (A), பி (P), எல் (L), பிறகு பேக்ஸ்பேஸ், என்டர், ஸ்பேஸ் ஆகியவற்றை இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுகிறதா, ஓரத்தில் அழுத்தினால் விழாமல் நடுவில் மட்டும் விழுகிறதா என்று கவனியுங்கள். கிரானைட் பட்டறைப் பக்கம் புழங்கிய போன் என்றால் கல்மாவு அடியில் இறங்கியிருக்கும், அழுத்தும்போதே நறநறக்கும். அப்படி இருந்தால் பேரம்கூடப் பேசாமல் வந்துவிடுங்கள். டேபிள் மேல் மல்லாக்கப் போட்டு ஒரு சுழற்று சுழற்றுங்கள். பம்பரமாய்ச் சுற்றினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம்.

உங்கள் சிம்மைக் கையோடு எடுத்துப் போங்கள். ஜியோவாக இருந்தால் நெட் வருவதோடு திருப்திப்படாமல் ஒரு கால் பேசிப் பாருங்கள். 4ஜியிலேயே கால் பேச வைக்கும் வோல்ட்இ வேலை செய்யாத செட்டில் நெட் வரும், கால் போகாது. வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் நம் ஊர் அலைவரிசை எல்லாம் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓசூர் டவுனில் முழு சிக்னல் காட்டும் போன் அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் போனால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எனக்குத் தெரிந்த சர்வீஸ் பையன் முதல் நாளே சொல்லிவிட்டான்: “அண்ணா, சார்ஜிங் போர்ட், பேட்டரின்னா எப்படியாவது பாத்துத் தரேன். டிஸ்ப்ளே உடைஞ்சா மட்டும் எங்கிட்ட எடுத்துட்டு வராதீங்க.” அவன் சொன்னது சரி. திரையோ கீபோர்டோ போனால், இன்னொரு செத்த கீ2-விலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். விலையை இதை வைத்துப் பேசுங்கள். அவர் 2018-ல் என்ன விலைக்கு வாங்கினார் என்பது உங்கள் பிரச்சினை இல்லை.

பணத்தை எடுப்பதற்கு முன் *#06# அடித்து, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரை எடுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM), ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், திருட்டுப் போன் என்று முடக்கிய பிளாக்லிஸ்டில் இருக்கிறதா என்று பதில் வந்துவிடும். அப்புறம் அவருடைய கூகுள் அக்கவுண்டை உங்கள் எதிரிலேயே நீக்கச் சொல்லி, ரீசெட் போட்டு, உங்கள் மெயில் ஐடியில் போன் திறந்த பிறகே காசைக் கொடுங்கள். “வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு அனுப்பறேன்” என்றால், போனையும் அவரே வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.