முகத்துக்கு முதலில் மூன்று போதும்: சருமப் பராமரிப்பு கேள்வி பதில்

தோல் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வந்த கேள்விகளுள் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்தாளுநர் மருத்துவர் அல்லர் என்பதால், நோய் என்று தோன்றும் இடத்தில் மருத்துவரிடம் போகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என் சருமம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சென்னையில் மதியம் கண்ணாடி பார்த்தால் எப்போதும் முகம் மினுமினுக்கிறது.

பதில்: சித்திரை மதியத்தில் யார் முகமும் மினுங்கும், அதில் வியர்வை எது, எண்ணெய் எது என்று பிரிக்க முடியாது. காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றியெடுத்து, எதையும் பூசாமல் மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் இருந்த பிறகு டிஷ்யூ தாளை முகத்தில் ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்த் தடம் பதிந்தால் எண்ணெய்ப்பசைச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பதிந்தால் கலப்புச் சருமம். தடமே இல்லாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். எது பூசினாலும் எரிகிறது, சிவக்கிறது என்பது தனிச் சிக்கல். அது இந்த மூன்று வகையினருக்கும் வரலாம்.

எந்த வகையாக இருந்தாலும் தொடக்கத்தில் ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், பகலுக்கு ஒரு சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றே போதும். வகையைப் பொறுத்து மாறுவது இவற்றின் தன்மைதான்.

கேள்வி: கல்லூரி மாணவன். பரு இருப்பதால் நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கழுவியதும் தோல் இழுக்கிறது, சிறிது நேரத்தில் மறுபடியும் எண்ணெய் வழிகிறது.

பதில்: தம்பி, முதலில் அந்த ஐந்தை இரண்டாக்குங்கள். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்று காரத்தன்மை மிக்கது. அடிக்கடி சோப்புப் போடும்போது எண்ணெயோடு சேர்ந்து, தோலின் செல்களுக்கு இடையே சுவர்ப்பூச்சுப் போல நின்று ஈரத்தைக் காக்கும் கொழுப்பும் போய்விடுகிறது. தோல் இழுப்பது அதனால்தான்; எண்ணெய்ச் சுரப்பி அதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைத் தொடர்கிறது. போர் தண்ணீராக இருந்தால் சோப்பு சரியாக அலசப்படாமல் தோலிலேயே படிந்து இன்னும் எரிச்சல் தரும்.

காலையும் இரவும் ஜெல் வகை ஃபேஸ்வாஷ், பிறகு எண்ணெய் சேராத ஜெல் மாய்ஸ்சரைசர் போதும். கரும்புள்ளி அடைப்புகளுக்கு எண்ணெயில் கரையும் தன்மையுள்ள சாலிசிலிக் அமிலம் 2 விழுக்காடு உதவும். சிவந்து வீங்கிய பருவுக்கு 2.5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு போதும், ஆனால் அது தலையணை உறையின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதைச் சொல்லாவிட்டால் வீட்டில் திட்டு உங்களுக்கு விழும். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அது நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றிப் பருவுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வயது 48. ஏ.சி. அலுவலகம். சிறுவயது முதல் கடலை மாவுதான் தேய்த்துக் குளிக்கிறேன். இப்போது கன்னம் செதில் செதிலாக உரிகிறது.

பதில்: அம்மா, கடலை மாவு எண்ணெயை உறிஞ்சும். இளவயதில் பொருந்தியது இப்போது பொருந்தாமல் போவது இயல்பு. வயது ஏற ஏறச் சுரப்பு குறைகிறது, ஏ.சி. காற்று மிச்ச ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. நுரை குறைந்த கிரீம் வகைக் கிளென்சருக்கு மாறுங்கள். முகம் முழுக்கக் காய்வதற்குள், ஈரம் இருக்கும்போதே, கிளிசரினும், தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு வகையான செராமைடும் உள்ள கெட்டியான கிரீமைப் பூசுங்கள்.

கேள்வி: நம்முடைய மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் சன்ஸ்கிரீன் எதற்கு?

பதில்: தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கிறது என்பது உண்மை; வெயிலில் தோல் வெந்து சிவப்பது நமக்குக் குறைவு. ஆனால் பரு ஆறிய இடமும் கொசுக்கடியைச் சொறிந்த இடமும் மாதக்கணக்கில் கருமையாக நிற்பதும், கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு படர்வதும் நமக்குத்தான் அதிகம். வெயில் அவற்றை இன்னும் கருக்க வைக்கும். டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு அளவான எஸ்.பி.எஃப். 30 என்பது, தோலை வேகவைக்கும் புற ஊதாக் கதிரான யுவிபி கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்பது சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யுவிஏ கதிர் பேருந்தின் சன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். அதற்கு டியூபில் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின்னால் உள்ள கூட்டல் குறிகளைப் பாருங்கள். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியே கருமையைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நல்லது. முகம் சுண்ணாம்பு அடித்தது போல் தெரிகிறது என்ற குறையும் அதோடு தீரும்.

உண்மையான தவறு அளவில் நடக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். நாம் கடுகளவு தொட்டுவிட்டுப் பொருளைக் குறை சொல்கிறோம். வெயிலில் நிற்பவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு தடவலாமா?

பதில்: வேண்டாம். அதன் பி.எச். சுமார் 2, வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம்.

கேள்வி: தோழி சொன்னாள் என்று மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கினேன். பத்து நாளில் முகம் பளிச்சென்றானது. நிறுத்தினால் எரிகிறது, சிவந்து பரு வெடிக்கிறது.

பதில்: டியூபின் பின்புறம் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் எழுதித்தரும் மருந்து அது. சிவப்பழகு கிரீமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் கோடுகளாகத் தெரியத் தொடங்கும், முகத்தில் முடியும் வளரும். எங்கள் மருந்தகத்துக்கு இந்த நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சாதாரண அழகு கிரீம் என்றே நம்பியிருந்தார்கள். இதற்கு எந்த முகப் பராமரிப்பு முறையையும் நான் சொல்லப் போவதில்லை. டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். நிறுத்தும் முறையை அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வைட்டமின் சி, நியாசினமைடு, ரெட்டினால் மூன்றையும் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் பூசுவது?

பதில்: ஒரே வாரத்தில் மூன்றையும் தொடங்கினால், எரிச்சல் வரும்போது எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நியாசினமைடில் தொடங்கி, முதலில் காதுக்குக் கீழே சில நாள் தடவிப் பார்த்து, இரண்டு வாரம் கழித்து அடுத்ததைச் சேருங்கள். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் இரவில் மட்டும், தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், பட்டாணி அளவு.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பிணி. ரெட்டினால் பூசிக்கொண்டிருந்தேன். மங்கும் வந்திருக்கிறது.

பதில்: ரெட்டினாலை இன்றே நிறுத்திவிட்டு, இதுவரை பூசியதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பருவுக்கும் மங்குக்கும் அசலாயிக் அமிலத்தைக் கர்ப்ப காலத்திலும் பயன்படுத்துவதுண்டு. அவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனை மட்டும் விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் வந்த மங்கு, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே மறையத் தொடங்கும்.