மாடித்தோட்ட இடுபொருள்: பையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பக்கத்து நர்சரியில் 5 கிலோ மண்புழு உரம் 60 ரூபாய். ஆன்லைனில் அதே 5 கிலோ 240 ரூபாய். இரண்டு பையிலும் ‘100% ஆர்கானிக்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். எதை நம்பி வாங்குவது? (தாம்பரம் வாசகி)

பதில்: முதலில் அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள். உரப் பையில் ‘ஆர்கானிக்’ என்பது விற்பவர் தாமே போட்டுக்கொள்ளும் பெயர். நாம் கடைகளில் பார்க்கும் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை உணவுப் பொருளுக்கு உரியது, உரத்துக்கு அல்ல. சான்றளிப்பு நிறுவனம் ஒன்று ‘இயற்கை வேளாண்மையில் பயன்படுத்தலாம்’ என்று ஒப்புதல் கொடுத்திருந்தால் பையில் அதன் சான்றிதழ் எண் இருக்கும். எண் இல்லையென்றால் ஒப்புதலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உரத்துக்கென்று இருக்கிற சட்டம் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. அதில் மண்புழு உரத்துக்கு அளவுகள் உண்டு: ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், தழைச்சத்து குறைந்தது 1 சதவீதம், அங்ககக் கரிமம் குறைந்தது 18 சதவீதம். காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களுக்கு உச்சவரம்பும் இருக்கிறது. பையின் பின்பக்கம் இந்த எண்கள், தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், நிகர எடை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலையை ஒப்பிடும்போது ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். 25 சதவீத ஈரம் உள்ள 5 கிலோவில் உலர்ந்த உரம் 3.75 கிலோ. 50 சதவீத ஈரம் உள்ள 5 கிலோவில் 2.5 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த எடைக்கு நீங்கள் காசு கொடுத்தது தண்ணீருக்கு.

ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். வாசனை மழை பெய்த மண்ணைப் போல இருக்க வேண்டும். மூத்திர நெடியோ அழுகல் வாடையோ அடித்தால் சாணம் இன்னும் மக்கவில்லை என்று பொருள். அது தொட்டியில் போன பிறகு வேர்ப் பக்கத்தில் மக்கத் தொடங்கும். அப்போது சூடு கிளம்பும், நாற்று வாடும். மணல் கலப்பைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பூன் உரத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிவிடுங்கள். மணல் சில நொடிகளில் அடியில் தனிப் படலமாகப் படியும்.

சந்தேகம் தீராவிட்டால் பாசிப்பயறு இருக்கிறது. ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் நனைத்த துணியில் 20 பயறு, வெறும் தண்ணீரில் நனைத்த துணியில் 20 பயறு. மூன்றாம் நாள் இரண்டிலும் முளையும் வேர் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உரம் பக்குவமானது. இந்தச் சோதனைகளில் தேறினால் 60 ரூபாய்ப் பையையே வாங்குங்கள். கனமான சரக்கை ஆன்லைனில் வாங்கினால் கூரியர் செலவும் விலையில்தான் ஏறும்.

கேள்வி: 5 கிலோ கோகோபீட் கட்டி வாங்கி, ஊற வைத்து, நேரடியாக நாற்று நட்டேன். பத்தே நாளில் இலை நுனி பழுப்பாகிக் கருகிவிட்டது. கட்டி மட்டமான சரக்கா? (வேளச்சேரி)

பதில்: பெரும்பாலும் உப்புதான் காரணம். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையின் நார்த்தூளில் இன்னும் அதிகம். அதனால் கட்டி வாங்கும்போது ‘லோ ஈசி’ அல்லது ‘கழுவியது’ என்று போட்டிருக்கிறதா, ஈசி அளவு (உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தல் எண்) 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழ் என்று எண்ணாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத கட்டியைக் கழுவாத கட்டியாகவே நடத்துங்கள்.

வீட்டில் குடிநீர் பார்க்க வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரே போதும். ஒரு கப் ஊறிய கோகோபீட்டை ஐந்து கப் ஆர்ஓ தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, வடித்த நீரை அளந்து பாருங்கள். ஆர்ஓ தண்ணீரின் எண்ணைக் கழித்த பிறகு 250 பிபிஎம்முக்கு மேல் வந்தால் கழுவ வேண்டும். சாக்கில் கட்டி, நல்ல தண்ணீரில் முக்கி, அரை நாள் விட்டுப் பிழியுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் எண் இறங்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: போர் தண்ணீரே 1,000 பிபிஎம் இருந்தால், அதில் பத்து முறை கழுவினாலும் அதற்குக் கீழே இறங்காது. மழைத் தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள்.

இன்னொன்று, கோகோபீட்டில் சத்து இல்லை என்றே சொல்லலாம். கூடவே சுண்ணாம்புச் சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் கோகோபீட்டில் வளர்ந்த தக்காளியில் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, 20 லிட்டர் பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 20 கிராம் ஜிப்சம் என்று கலந்துகொள்ளுங்கள். முட்டை ஓட்டை நம்ப வேண்டாம். அது கரைந்து செடிக்குச் சேர்வதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். எட்டுப் பத்துப் பைகளுக்கு ஒரு கட்டி தாராளம்.

கேள்வி: க்ரோ பேக் எத்தனை ஜிஎஸ்எம் வாங்கலாம்? மாடி தாங்குமா? (ஈரோடு)

பதில்: ஜிஎஸ்எம் என்பது பைத் துணி சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண். அதைவிட ‘யூவி’ பதப்படுத்தியதா, அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குமா என்பதே முக்கியம். பதப்படுத்தாத பை வெயிலில் உளுத்துச் செதில் செதிலாக உதிரும். அந்தத் துகள் மண்ணில் கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்க முடியாது. பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை போட்டால் அதற்குச் செலவே இல்லை. 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். நனைந்தால் 15 முதல் 20 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலைப்படி வடிவமைப்புச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதனால் சதுர மீட்டருக்கு நான்கு பைக்கு மேல் நெருக்க வேண்டாம். சுவரும் பீமும் போகும் ஓரங்களில் வையுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய் வாங்கி 5 மில்லி கலந்து அடித்தேன். கத்தரி இலையில் எண்ணெய்த் திட்டாகக் கருகியது, வெள்ளை ஈயும் போகவில்லை. எண்ணெய் போலியா? (மதுரை)

பதில்: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ‘விளக்கேற்ற மட்டும்’ என்று எழுதியிருந்தால் அது பூஜைக் கடைச் சரக்கு. அதில் வேறு எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். செடிக்கு ஆகாது.

செடிக்கு மூன்று வகை விற்கிறது. ஒன்று செக்கில் ஆட்டிய சுத்த வேப்பெண்ணெய். இது தண்ணீரோடு கலக்காது, சோப்பு சேர்த்தே ஆக வேண்டும். இரண்டாவது ‘தண்ணீரில் கரையும் வேப்பெண்ணெய்’. கலப்பான் முன்பே சேர்த்திருப்பார்கள், தனியாகச் சோப்பு வேண்டாம். மூன்றாவது அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருள்) அளவு குறித்த மருந்து: 300, 1,500, 10,000 பிபிஎம் என்று வரும். இது பூச்சிமருந்துச் சட்டம் 1968-ன் கீழ் பதிவானது. பதிவு எண், தொகுதி எண், காலாவதித் தேதி, நச்சுத்தன்மை காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும். 300 பிபிஎம்முக்குச் சொன்ன 5 மில்லியை 10,000 பிபிஎம் பாட்டிலுக்கும் அப்படியே ஊற்றுவது பலர் செய்யும் தவறு. அளவை லேபிளில் பார்த்தே எடுங்கள்.

உங்கள் செடியில் திட்டுத் திட்டாகக் கருகியதைப் பார்த்தால் எண்ணெய் கரையவில்லை என்று தெரிகிறது. 1 லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி காதி சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் மட்டும் சேர்த்துக் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அடிக்க வேண்டும். மோர் போல வெளுக்க வேண்டும். மேலே மஞ்சள் கண் மிதந்தால் அடிக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் இலையின் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்த பிறகு, மாலை வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். மாலையில் தேனீ நடமாட்டமும் குறைவு. பூவில் அடிக்க வேண்டாம். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வெள்ளை ஈ அன்றே சாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேம்பு பூச்சியைத் தின்னவிடாமலும் குஞ்சைத் தோலுரிக்க விடாமலும் தடுக்கும், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை என்று மூன்று முறை அடித்த பிறகே பலன் தெரியும்.

இதற்கு நேர்மாறாக, ‘மூலிகைப் பூச்சிவிரட்டி’ என்று பதிவு எண்ணே இல்லாமல் விற்கும் பாட்டில், அடித்த ஐந்து நிமிடத்தில் எல்லாப் பூச்சியையும் செத்து விழ வைத்தால் உடனே நிறுத்துங்கள். செடிச்சாறு அப்படி வேலை செய்வது அரிது. உள்ளே ரசாயனப் பூச்சிக்கொல்லி கலந்திருக்க வாய்ப்பு அதிகம், நீங்கள் அந்தச் செடியில் விளைந்ததைத்தான் சாப்பிடப்போகிறீர்கள்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. பொறிவண்டு விலைக்குக் கிடைக்குமாமே, வாங்கி விடலாமா? (திருச்சி)

பதில்: பத்துத் தொட்டிக்கு வாங்க வேண்டாம். தின்ன இரை தீர்ந்ததும் பறந்துவிடும். ஆனால் தானாக வந்ததைக் கொல்லாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சி போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு இருக்கும். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர், பெரும்பாலும் அசையாது. இந்தப் புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், இழை நீளமாகத் தொங்கும், குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று ஓடும். ஓடுகிற வெள்ளையை விட்டுவிடுங்கள்.

இயற்கை எதிரி எவ்வளவு செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மருந்தடித்தும் அடங்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவிதான் அதை அடக்கியது.

உங்கள் செடிக்கு முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். எறும்பைத் தடுங்கள். தேன் போன்ற கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். மளிகைக் கடைத் தட்டைப்பயறு பத்தை ஒரு தொட்டியில் ஊன்றுங்கள். அதில் வரும் அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும். கொத்தமல்லி, சோம்பு இரண்டையும் பூக்கவிட்டால் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.

கேள்வி: பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கினேன். பாகற்காய் இன்னும் புழுக்கிறது. (தூத்துக்குடி)

பதில்: உள்ளே இருக்கும் லூர் (ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) எது என்று பாருங்கள். மா, கொய்யாவுக்கு மெத்தில் யூஜினால். பாகல், பீர்க்கு, புடலைக்குக் கியூ லூர். கடையில் ‘பழ ஈ பொறி’ என்று பொதுவாகக் கேட்டால் முதல் வகையையே எடுத்துக் கொடுப்பார்கள். மேலும் இரண்டுமே ஆண் ஈயைத்தான் இழுக்கும். விழுந்த பிஞ்சைத் தினமும் பொறுக்கி, கட்டிய பையில் வெயிலில் போடாவிட்டால் பொறி மட்டும் போதாது. மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்திருந்தால் வெள்ளை ஈ குறைந்ததும் கழற்றிவிடுங்கள். நல்ல பூச்சியும் அதில் ஒட்டும்.

கேள்வி: அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா ஆன்லைனில் வாங்கலாமா? (சேலம்)

பதில்: கோடையில் வேண்டாம். அசோஸ்பைரில்லம் தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா, டிரைக்கோடெர்மா வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சை. உள்ளே இருப்பது உயிர், கூரியர் வண்டியில் இரண்டு நாள் வெந்தால் பாதி செத்துவிடும். அசோஸ்பைரில்லத்தில் தூளானால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவமானால் மில்லிக்கு 10 கோடி நுண்ணுயிர் என்றும், காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்க வேண்டும். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள், சிறிய பொட்டலமாக எடுங்கள். அதைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள, ஈரமான மக்கிய உரத்தில் கலந்து நிழலில் ஒரு வாரம் வைத்துப் போட்டால் பெருகியிருக்கும்.

கேள்வி: ‘நாட்டு விதை’ என்று வாங்கிய வெண்டை, கத்தரி முளைக்கவேயில்லை. வெண்டை விதை இளஞ்சிவப்பாக வேறு இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (கடலூர்)

பதில்: இளஞ்சிவப்பு நிறம் பூஞ்சாணக்கொல்லி நேர்த்தியின் அடையாளம். பையில் நச்சு எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த விதையைக் கையுறையோடு எடுங்கள், மீந்ததைக் குருவிக்குப் போடாதீர்கள். அடுத்த முறை ‘நேர்த்தி செய்யாத விதை’ என்று கேட்டு வாங்குங்கள்.

சான்று விதைக்கு (சான்றளிப்பு முகமை சோதித்தது) நீல அட்டை, உண்மை நிலை விதைக்கு (தரத்துக்கு விற்பவரே பொறுப்பேற்பது) பச்சை அட்டை. எதுவானாலும் முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலக்கெடு இருக்க வேண்டும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் கத்தரிக்கும் தக்காளிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. ‘எஃப்1’ என்று இருந்தால் அது வீரிய ஒட்டு, அதிலிருந்து விதை எடுத்தால் தாய்ச்செடி போல வராது. அதை நாட்டு விதை என்று விற்பது தவறு.

புகாருக்கு முன் 20 விதையை ஈரத் துணியில் வைத்துப் பாருங்கள். வெண்டைக்கு ஒரு வாரம், கத்தரிக்குப் பத்து நாள். தேதி தெரிய தினமும் படம் எடுங்கள். கத்தரியை அரை சென்டிமீட்டரைவிட ஆழமாகப் புதைத்திருந்தால் தவறு விதையில் இல்லாமலும் இருக்கலாம். துணியிலும் முளைக்கவில்லையென்றால் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஆன்லைன் தளமானால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, கால வரம்பு இரண்டு ஆண்டு. விதை வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில், காலிப் பை, மீதி விதை மூன்றையும் எறிந்துவிடாதீர்கள். ஆய்வுக்கு அனுப்ப விதை வேண்டும், அதனால் எந்தப் பையையும் முதல் நாளே முழுதாக விதைத்துத் தீர்க்க வேண்டாம்.