மூட்டுவலி ஊசிக்கு முன் டி.பி. பரிசோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 43. நான்கு வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டும் விரல் மூட்டு வீக்கம் அடங்கவில்லை. அடலிமுமாப் ஊசி போடலாம் என்ற மருத்துவர், முதலில் மார்பு எக்ஸ்ரேவும் டி.பி. பரிசோதனையும் எடுத்துவரச் சொல்கிறார். எனக்கு இருமல்கூட இல்லை. ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: பரிசோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள் சகோதரி. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லச் சுரக்கும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். காலில் முள் குத்திய இடம் சிவந்து வீங்குவது இவற்றால்தான். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்றவை அழற்சியைக் கிளப்பும். இன்டர்லூகின்-10 போன்றவை தணிக்கும். முடக்குவாதத்தில் இந்தத் தணிப்பு போதவில்லை. மூட்டின் உள்சவ்வில் டி.என்.எஃப். சுரந்துகொண்டே இருப்பதால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டி, ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை ஏற்றும். ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் கூட்டிவிடும்; அப்புறம் உடம்பில் இரும்புச்சத்து இருந்தும் ரத்தம் ஊறப் பயன்படாது. முடக்குவாதக்காரர்கள் பலருக்கு ரத்தசோகை வர இது முக்கியக் காரணம். இந்த நோயில் வரும் அசதியை வீட்டில் "சோம்பல்" என்று சொன்னால், அதுவும் நோயின் பகுதிதான் என்று தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

டி.என்.எஃப்.பை மட்டும் மறித்தால் வீக்கம் வடியும் என்று 1990களின் தொடக்கத்தில் லண்டனில் ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் குழுவினர் நோயாளிகளிடம் காட்டினார்கள். உங்கள் ஊசியும் அந்த வழியில் வந்ததுதான். எதிர்ப்பு சக்தி முழுதும் போய்விடாது. ஒரு பாதைதான் அடைபடும். ஆனால் அந்தப் பாதையில்தான் டி.பி. சிக்கலும் இருக்கிறது.

நம் நாட்டில் ஏராளமானோர் உடலில் டி.பி. கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி வெள்ளையணுக்கள் போட்டிருக்கும் வேலியைச் சரியாமல் காப்பது டி.என்.எஃப்.தான். அதை மறித்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். இருமல் இல்லாதவர்களுக்கும் பரிசோதனை கேட்பது இதனால்தான். கிருமி இருப்பது தெரிந்தாலும் ஊசி கிடையாது என்று அர்த்தமில்லை. நோயாக மாறவில்லை என்று உறுதிசெய்து, தடுப்பு மாத்திரை தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது கழித்து ஊசி போடுவோம். மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் இதோடு சேர வேண்டும்.

எதிர்ப்பு சக்தியை ஏற்றும் என்று விற்கப்படும் பொடி, லேகியம் எதுவும் வேண்டாம். ஊசி தொடங்கிய பிறகு விடாத காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை குறைவு, கழுத்தில் நெறிக்கட்டி என்று எது வந்தாலும், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.